மைக்குல சொல்லட்டும்

அந்தப் பாட்ட நிறுத்து தாயி. கோவிச்சுக்காத. செல்போன் உன்னோடது, காதும் உன்னோடது. ஆனா ஆப்பரேசன் தியேட்டர் வாசல்ல உக்காந்து என் குரல நானே கேக்குற கொடுமை எனக்கு வேணாம். ஆமா, நான்தான். அரியநாச்சி. "வில்லாயுதம் – அரியநாச்சி தம்பதியர் வழங்கும் கிராமியக் கச்சேரி"ன்னு பிளக்ஸ்ல போடுவாங்களே, அந்த அரியநாச்சியேதான். உள்ள படுத்திருக்கிறது வில்லாயுதம். தொண்டையில கட்டி. காலையில உள்ள கொண்டு போனாங்க, இன்னும் கதவத் திறக்கல. மக மருந்து வாங்கக் கீழ போயிருக்கா.

போட்டோவா? எடுக்கலாம், இரு. இந்த மூஞ்சிய எடுத்து என்ன பண்ணப் போற? மேடையில பாத்த ஆளா இதுன்னு உங்க வீட்டுல கேப்பாங்க. உன் மாமனாருக்குக் குடலிறக்கம்னு சொன்ன. அது ஒண்ணும் இல்ல தாயி, சின்ன வேல. சாயங்காலமே டீ கேப்பாரு பாரு.

என்ன சொன்ன? உங்க கல்யாணத்துல அந்தப் பாட்டுத்தான் போட்டீங்களா? அது சரி. எல்லாக் கல்யாணத்துலயும் போடுறாங்க. புதுசாக் கல்யாணம் ஆன பிள்ளைக மேடைக்கு ஏறி வந்து எங்க ரெண்டு பேரு கால்லயும் விழும். "உங்கள மாதிரி ஒத்துமையா இருக்கணும்"னு கேக்கும். நானும் திருநீறு பூசி விடுவேன். அந்த ஆளும் பல்லக் காட்டிக்கிட்டு நிப்பாரு. எங்கள மாதிரி இருந்தீங்கன்னா பக்கத்து வீட்டுக்காரன் போலீசுக்குப் போன் பண்ணுவான்டான்னு மனசுல நெனச்சுக்குவேன். இல்ல இல்ல, அடிதடி எல்லாம் இல்ல. சத்தமே கிடையாது எங்க வீட்டுல. அதுதான் விசயமே. ஏழெட்டு வருசமா நானும் அந்த ஆளும் வீட்டுக்குள்ள ஒரு வார்த்த பேசுனதில்ல.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன்.

எல்லாம் இந்தப் பாட்டால வந்தது. காதல் பாட்டாம். இதுல காதல் எங்க இருக்குன்னு நீயே சொல்லு. அப்ப எனக்குக் கல்யாணம் ஆகல. எங்க ஊரு முதுகுளத்தூர் பக்கம். கரிமூட்டம் போடுறதுக்குக் கருவ மரம் வெட்டுற வேலைக்குப் போவேன். கருவ முள்ளு தெரியும்ல? குத்துனா ஒரு வாரம் கடுக்கும். உடம்பெல்லாம் புகையும் கரியுமா அருவாளோட நிக்கிறேன். இந்த ஆளு கம்மாக் கரையில நின்னுக்கிட்டு, வேல வெட்டி இல்லாம, ராகம் போட்டு எடுத்து விடுறாரு:

"கம்மாக் கரையோரம் கால்கடுக்க நிக்கிறேண்டி
கண்ணெடுத்துப் பாத்தா என்ன, கருவக்காட்டுப் பூங்குயிலே."

குயிலாம். கரிமூட்டத்துப் புகையில எந்தக் குயிலு வந்து உக்காரும்? எனக்கு வந்துச்சே கோவம். அருவாளக் கீழ போடாமலே அதே ராகத்துல திருப்பிக் குடுத்தேன்:

"பாத்தாப் பசியாறுமா, பாதி வேல கெடக்குது
காத்து நிக்கும் கால வித்து கஞ்சிக்கு உப்பு வாங்கு மச்சான்."

கூட வெட்டிக்கிட்டு இருந்த பொம்பளைக எல்லாம் வெறகப் போட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாளுக. அந்த ஆளு மூஞ்சி செத்துப் போச்சு. ஆனா மறுநாளும் வந்தாரு. இன்னொரு கேள்வி பாடுனாரு. நான் இன்னொரு பதில் குடுத்தேன். எங்க பக்கம் எசப்பாட்டுன்னு சொல்லுவோம். ஒருத்தர் கேக்க, ஒருத்தர் மறுத்துப் பாட, யாருக்குப் பதில் வரலையோ அவுக தோத்தாங்க. தோத்த ஆளு தன் துண்ட எடுத்து ஜெயிச்சவுக தோள்ல போடணும். அந்த வருசம் பூராம் வந்து வந்து தோத்தாரு. வீட்டுல துண்டு தீந்து போயித்தான் பொண்ணு கேட்டு வந்தாருன்னு எங்க சனம் கேலி பண்ணும்.

இப்பச் சொல்லு. பாட்டக் கட்டுனது யாரு? கேள்வி கேக்குறது ஒரு பெரிய வேலையா? ரோட்டுல போறவன் யாரு வேணும்னாலும் கேள்வி கேப்பான். பதில்லதான் இருக்கு பாட்டு. பதில் இல்லேன்னா அது பாட்டா? கம்மாக் கரையில ஒருத்தன் நின்னு பொலம்புறது, அவ்வளவுதான். என்ன, கேள்வி இல்லேன்னா பதில் எங்க இருந்து வரும்னா? நீயும் அந்த ஆளு கட்சியா? சரி சரி, அதே நியாயத்தத்தான் அவரும் பேசுவாரு. எடுபடாத நியாயம்.

ஒரு பொங்கலுக்கு டிவிக்காரங்க கூப்பிட்டாங்க. பெரிய லைட்டு, பெரிய மேடை. பேட்டி எடுக்குற பொண்ணு உதட்டுல அவ்வளவு சாயம் பூசிக்கிட்டு, "இந்த அழகான காதல் பாட்ட எழுதினது யாரு?"ன்னு கேட்டுச்சு. நான் வாயத் திறக்குறதுக்குள்ள அந்த ஆளு மைக்கப் புடுங்கி, "நான்தாங்க கட்டுனேன். இவ கூட நின்னு பாடுவா"ன்னுட்டாரு.

கூட நின்னு பாடுவாளாம். கேட்டியா? கூட நின்னு.

திரும்பி வர்றப்ப வேன்ல வச்சே சொல்லிட்டேன். "எந்த மைக்குல சொன்னீகளோ அந்த மைக்குல, பாட்டு அரியநாச்சி கட்டுனதுன்னு சொல்லணும். அதுவரைக்கும் உங்க கூட எனக்குப் பேச்சு இல்ல"ன்னேன். "அந்த மைக்க அவங்க கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்கடி, நான் எங்க போய்த் தேட?"ன்னு கேட்டாரு. எகத்தாளம். "எந்த மைக்கா இருந்தாலும் சரி, நாலு சனம் கேக்கணும்"னேன். அதுக்கு அவரு, "என் பாட்ட என் பாட்டுன்னு சொன்னதுக்கு நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்"னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அன்னைக்குத் திரும்புனவருதான்.

மக முத்தரசி அப்பக் காலேஜ் படிச்சிக்கிட்டு இருந்தா. கொஞ்ச நாளு அவதான் தபால்காரி. "அப்பாட்டச் சொல்லு சோறு வச்சாச்சுன்னு." "அம்மாட்டச் சொல்லு பசிக்கலைன்னு." அவளுக்கும் அலுத்துப் போச்சு. "உங்க ரெண்டு பேருக்கும் ஸ்டாம்பு ஒட்டி முடியாது, நீங்களே பேசிக்கங்க"ன்னு கதவச் சாத்திக்கிட்டா.

அப்புறம் மாசிக் களரித் திருவிழாவுக்கு ஒரு ஊருல கச்சேரி. முதல் ரெண்டடி எப்பவும் போல பாடுனோம். மூணாவது அடியில அந்த ஆளு திடீர்னு மாத்திப் பாடுறாரு:

"நீலச் சட்ட போட்டு வந்தா நீ பாப்பேன்னு நெனச்சிருந்தேன்
பெட்டியெல்லாம் தேடுனேனே, புள்ள, எங்க வச்சிருக்க?"

நெசமாவே சட்டையக் காணாமத் தேடிக்கிட்டுத்தான் இருந்தாரு, காலையில இருந்து. நான் விடுவேனா?

"கொடியில காயுதய்யா, கூறுகெட்ட மச்சானே
கண்ணு ரெண்டும் முகத்துக்குக் கல்லு வச்ச அலங்காரமா?"

விசிலு பறக்குது. காதல் ரசம் சொட்டுதுன்னு சனம் கை தட்டுது. அங்க நடந்தது என்ன? சட்ட எங்கன்னு புருசன் கேக்குறான், கொடியில கெடக்குன்னு பொண்டாட்டி சொல்றா. இதக் கேக்கத்தான் நீங்க எல்லாம் பாயக் கொண்டாந்து மண்ணுல விரிச்சு உக்காந்திருக்கீங்க.

அன்னையிலருந்து எங்க குடும்பமே மேடையிலதான் நடந்துச்சு. கேஸ் சிலிண்டர் தீந்தது, ஆடு ரெண்டு காணாமப் போனது, எங்க அண்ணன் வீட்டு விசேசத்துக்குப் போறதா வேணாமான்னு கேட்டது, எல்லாம் அந்தப் பாட்டுலதான். கச்சேரி இல்லாத மாசம் வந்தா வீட்டுல ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஆடி முடிஞ்சதுமே எப்படா மேடை வரும்னு இருக்கும். இல்ல, பேசுறதுக்குன்னு இல்ல. வேலைக்கு. பொழப்பு நடக்க வேணாமா?

மக கல்யாணமே அங்கதான் முடிவாச்சு. பரமக்குடியில இருந்து கேட்டு வந்தாங்க. ஒரு நாள் கச்சேரியில அந்த ஆளு, "கடை வச்ச மாப்பிள்ள கைகூப்பிக் கேக்குறாக, குடுக்கவா வேண்டாமா"ன்னு பாடிப்புட்டாரு. நானும் யோசிக்கல.

"மாப்பிள்ள லட்சணந்தான், மறுத்துச் சொல்ல ஒண்ணுமில்ல
அவுக ஆத்தா வாயப் பாத்தா ஆடு கூட மேயாதே."

முன் வரிசையில யாரு உக்காந்திருக்கா? அந்த மாப்பிள்ளையோட ஆத்தா. தன்னத்தான் சொல்றேன்னு தெரியாம எல்லாரையும் விட அதிகமாக் கை தட்டுனவளும் அவதான். இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீ பரமக்குடிப் பக்கம் இல்லேல்ல? நல்லது.

இந்த வருசம் பங்குனியில இருந்து அந்த ஆளு சரியில்ல. குரல் கரகரன்னுச்சு. மிட்டாயச் சப்பிக்கிட்டு, சுக்குத் தண்ணியக் குடிச்சிக்கிட்டு இருந்தாரு. வச்ச சோத்தப் பாதியில எந்திரிச்சுப் போவாரு. எனக்கு மிளகு ரசம் நல்லா வரும். அந்த ஆளுக்குப் பிடிக்கும்னு நான் வைக்கிறதில்ல, எனக்கே பிடிக்கும். அதையும் தொடல. எனக்குக் கோவம்னா கோவம். ஏழெட்டு வருசமா வாய்தான் பேசல, இப்பச் சோத்து மேலயும் வீம்பான்னு. சித்திரையில ஒரு ஊருல திருவிழா. நல்ல கூட்டம். எல்லாச் சனத்துக்கும் முன்னாடி கேட்டுப்புட்டேன்:

"வச்ச சோறு வச்சபடி வட்டிலில காயுதே
யாரு மேல கோவமுன்னு எடுத்துச் சொல்லு மச்சானே."

மைக்க வாய்கிட்ட கொண்டு போனாரு. வாயத் திறந்தாரு. வெறுங்காத்துத்தான் வருது. இன்னொரு தடவ திறந்தாரு. தவில்காரரு அடிச்ச தாளத்தையே திரும்பத் திரும்ப அடிச்சிக்கிட்டுக் காத்திருக்காரு. நான் என்ன நெனச்சேன்? அடைச்சிட்டேன்டா வாயன்னு நெனச்சேன். மைக்குலயே, "மச்சான் வாயில பூட்டு விழுந்துருச்சு, சாவி என் இடுப்புலதான் இருக்கு"ன்னு சொன்னேன். கூட்டம் ஆரவாரம் பண்ணுச்சு. அந்த ஆளு தோள்ல கெடந்த துண்ட எடுத்து என் தோள்ல போட்டாரு. போட்டுட்டு மேடைய விட்டு இறங்கிட்டாரு.

எனக்கு எப்படித் தாயி தெரியும்? மேடையில நின்னா ஜெயிக்கத்தான் பாப்போம். சொன்னாத்தானே தெரியும்? வாயில்லையா? நேராச் சொல்ல வேண்டியதுதானே, "அடியே, முழுங்க முடியல, வலிக்குது"ன்னு? மருமகன்கிட்டச் சொல்லியிருக்காரு. மருமகன் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டியிருக்காரு. மக போன் பண்ணி அழுகுறா. ஊரெல்லாம் தெரிஞ்ச பிறகு எனக்குச் சேதி வருது. அவ்வளவு வீம்பு அந்த ஆளுக்கு. நான் அப்படி இல்ல. நான் வீம்பு பிடிக்கிற ஆளே கிடையாது. நியாயத்தக் கேட்டேன், அவ்வளவுதான்.

டாக்டர் சின்னப் பையன். ஆனா நிதானமாச் சொன்னாரு. குரல் வர்ற பெட்டியையே எடுக்கணுமாம். கழுத்துல ஒரு ஓட்ட போட்டு அது வழியாத்தான் மூச்சு விடணுமாம். பாட்டு இல்ல, பேச்சும் இல்ல. பிற்பாடு மிஷினு வச்சுப் பேசப் பழகலாம், அது எல்லாருக்கும் வராதுன்னாரு. "ஆப்பரேசனுக்கு முன்னாடி பேச வேண்டியத எல்லாம் பேசிக்கங்கம்மா"ன்னாரு. என்னப் பாத்துச் சொல்றாரு. எங்ககிட்டப் போய்.

நேத்துச் சாயங்காலம் மகளும் மருமகனும் டீ குடிச்சிட்டு வர்றோம்னு வேணும்னே வெளிய போயிட்டாங்க. வார்டுல அந்த ஆளு கட்டில்ல. நான் ஸ்டூல்ல. பக்கத்துக் கட்டில்காரரு பொண்டாட்டி, ஆரஞ்சுப் பழம் உரிக்கிற சாக்குல எங்களையே பாத்துக்கிட்டு இருந்தா. நானும் காத்திருந்தேன். அந்த ஆளும் தொண்டையச் செருமுனாரு. சரி, வருதுன்னு நிமிந்து உக்காந்தேன். ரொம்பக் கஷ்டப்பட்டு, இழுத்து இழுத்துச் சொல்றாரு: "கட்டிலுக்கு அடியில செருப்புக் கெடக்கு. எடுத்து வச்சுக்க. தூக்கிட்டுப் போயிருவானுக."

இதத்தான் சொன்னாரு. இத்தன வருசம் கழிச்சு வாயத் திறந்து செருப்பப் பத்திப் பேசுறாரு. இதுக்கு நான் என்ன பதில் சொல்ல? செருப்பப் பத்திச் சொல்றதெல்லாம் பேச்சா? நான் பேசல. முதல்ல பேசிட்டாரேன்னு நீ கேக்காத. மைக்குன்னா மைக்குதான். செருப்ப மட்டும் எடுத்துப் பைக்குள்ள வச்சுக்கிட்டேன். புதுச் செருப்பு. தூக்கத்தான் செய்வாங்க.

இன்னைக்குக் காலையில ஸ்ட்ரெச்சர்ல ஏத்திக் கொண்டு வந்தாங்க. இதே கதவுக்கிட்ட நிறுத்துனாங்க. உள்ள இருந்து வந்த சிஸ்டர் அடையாளம் கண்டுபிடிச்சிருச்சு. "ஐயா, நீங்க அந்தக் கம்மாக்கரைப் பாட்டுக்காரர்தானே? எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம்யா"ன்னுச்சு. அந்த ஆளு தலைய ஆட்டுனாரு. கையத் தூக்கி என்னக் காட்டுனாரு. காட்டி, உள்ள இருக்குற குரல எல்லாம் வழிச்சு எடுத்த மாதிரி, "பாட்டு அவ கட்டுனதும்மா. நான் கேள்விதான் கேப்பேன்"னாரு.

கேட்டியா தாயி? எங்க வச்சுச் சொல்றாரு பாரு. மைக்கு இல்ல, மேடை இல்ல, நாலு சனம் இல்ல. ஒரே ஒரு சிஸ்டர்கிட்ட. அந்தப் பொண்ணும் கையில உறைய மாட்டிக்கிட்டே அர மனசாக் கேட்டுச்சு. இது கணக்குல வருமா? நான் கேட்டது மைக்குல. மனுசன் கடைசி வரைக்கும் தன் சௌகரியத்துக்குத்தான் பண்ணுவாரு.

சொல்லிட்டு என்னையே பாத்தாரு. ஸ்ட்ரெச்சர் தள்ளுறவரு, "போலாமா?"ன்னு கேட்டாரு. அந்த ஆளு கையக் காட்டி நிக்கச் சொன்னாரு. என் வாயையே பாக்குறாரு. பதிலுக்குத்தான் பாக்குறாருன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருசமாத் தெரியும் அந்தப் பார்வ. எங்கிட்டப் பதில் இல்லாம இருந்ததே இல்ல தாயி. அருவாளோட நின்னப்பவும் இருந்துச்சு. மக கல்யாணத்துக்கும் இருந்துச்சு. பத்தாயிரம் சனத்துக்கு முன்னாடியும் இருந்துச்சு. இன்னைக்கு வாயத் திறக்குறேன், வெறுங்காத்துத்தான் வருது. ஒண்ணுமே வரல. "சரி"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். "போயிட்டு வாங்க"ன்னு சொல்லியிருக்கலாம். எந்தக் கழுதைக்கும் தெரிஞ்ச வார்த்த. எனக்கு வரல. கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. ஜெயிச்ச சிரிப்பு இல்ல அது. அத என்னன்னு சொல்ல எனக்குத் தெரியல. கதவச் சாத்திட்டாங்க.

அழுகல. எனக்கு எப்பவும் கண்ணுல தண்ணி வரும், புகையில வேல பாத்த கண்ணு.

சொல்லப் போனா நான்தான் ஜெயிச்சேன். பாட்டு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டாருல்ல? ஆனா ஜெயிச்சு என்ன பண்ண? இனிமே நான் என்ன பாடுனாலும் எதுத்துப் பாட ஆள் இல்ல. திருவிழாக் கமிட்டிக்காரங்க வேற ஒரு பையன ஏற்பாடு பண்றேங்குறாங்க, நல்ல குரலாம். எழுதிக் குடுத்தத அப்படியே பாடுவானாம். அவன்கிட்டப் போய், சட்ட கொடியில காயுதுன்னு நான் பாடவா? வீட்டுக்குப் போனாலும் அந்த ஆளால பேச முடியாது. நான் பேச மாட்டேன்னு சபதம். அப்ப யாருதான் பேசுறது அந்த வீட்டுல? ஆடா?

இரு. கதவு திறக்குது. பேரச் சொல்றாங்களா? வில்லாயுதம்னா சொன்னாங்க? நான்தாம்மா, நான்தான். நல்லபடியா முடிஞ்சுதா? கண்ணு முழிச்சிட்டாரா? போய்ப் பாக்கலாமா? ஒரே ஒரு ஆள்தானா? சரி, மக வந்தா இங்க நிக்கச் சொல்லு தாயி.

ஏந்தாயி, ஒண்ணு கேக்குறேன். தொண்டையத்தானே எடுத்திருக்காங்க? காத ஒண்ணும் பண்ணலேல்ல? மயக்க ஊசி போட்டாலும் காது நல்லாக் கேக்கும்ல? எந்திரி, வழிய விடு. எனக்கு அந்த ஆளுகிட்ட நெறையப் பேச வேண்டியிருக்கு.